பிடித்தமானவையும் உடன் வரட்டும்

மருத்துவமனையில் தங்க வருவோரின் பையில் மாற்றுத் துணி, துண்டு, பிளாஸ்க், பழைய மருந்துச் சீட்டுகள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றோடு இப்போது கைபேசியும் சார்ஜரும் தவறாமல் இடம்பெறுகின்றன. கூடவே ஒரு வழக்கும் வந்து சேர்கிறது. "உடம்பு இப்படிக் கிடக்கையில் பாட்டு என்ன, விளையாட்டு என்ன?" என்று வீட்டுப் பெரியவர் கடிந்துகொள்வார். "பொழுது போக வேண்டாமா, பெரியப்பா?" என்று இளையவர் முணுமுணுப்பார். பிறகு இருவருமே தீர்ப்புக் கேட்பதுபோல் செவிலியரின் முகத்தைப் பார்ப்பார்கள்.

இந்த வழக்கில் எங்கள் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிட விரும்புகிறோம். நோயாளிக்குப் பிடித்த பாட்டும் ஆட்டமும் கருவியும் அளவோடும் முறையோடும் இருந்தால், அவை சிகிச்சைக்குத் துணை செய்கின்றன. ஆகவே அவற்றை வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டாம். அவையும் உடன் வரட்டும். அதே வேளையில், பொது வார்டு என்பது பலர் சேர்ந்து படுத்திருக்கும் இடம். ஒருவருக்குப் பிடித்தது அடுத்த கட்டிலில் இருப்பவருக்குத் துன்பமாகிவிடக் கூடாது. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுவது முறையாகாது.

பாட்டு இந்த மண்ணுக்குப் புதிதன்று

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு பாட்டை வீண்பொழுது என்று சொல்வது எளிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள பண்ணைப்புரத்தில் 1943ஆம் ஆண்டு பிறந்த ஒருவர், 1976இல் வெளியான 'அன்னக்கிளி' வாயிலாகத் தமிழகம் முழுவதற்கும் அறிமுகமானார். இளையராஜாவின் இசை இந்த வட்டாரத்து மக்களுக்குச் சொந்த ஊர்ச் சொத்து. அவர் புதுக் கருவிகளைக் கண்டு ஒதுங்கியவரும் அல்லர். 1978இல் வந்த 'பிரியா'வின் பாடல்களை ஸ்டீரியோ முறையில் பதிவு செய்தார். 1980களில் கணினியின் துணையோடு திரையிசையைப் பதிவு செய்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், இலண்டனில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவினர் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை வாசித்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

அவருடைய பாட்டைக் கேட்ட நம் மக்களும் கருவிக்குக் கருவி மாறி வந்தவர்களே. தேநீர்க்கடை வானொலியில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டார்கள். பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. பிடித்த பாடல்களைத் தாளில் பட்டியலிட்டுக் கொடுத்துவிட்டு, பதிவான கேசட்டுக்காக நாட்கணக்கில் காத்திருந்தார்கள். குறுந்தகடு வந்தது, கடையில் கொடுத்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்ளும் பழக்கம் வந்தது, இன்று கைபேசியில் அனைத்தும் அடக்கம். ஒவ்வொரு புதுக் கருவி வந்தபோதும் வீட்டில் யாரோ ஒருவர் கடிந்துகொண்டுதான் இருந்தார்கள். இன்று பேரனைக் கடிந்துகொள்ளும் தாத்தாவும் தம் இளமையில் திருவிழாவுக்கு டேப் ரிக்கார்டரைத் தோளில் சுமந்து சென்றவராக இருக்கக்கூடும்.

ஆட்டத்தின் மீதான ஈடுபாடும் அவ்வாறே. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கோடையில் நடக்கும் அந்தப் போட்டிக்கு இராணுவம், வங்கிகள், இரயில்வே முதலியவற்றின் அணிகள் வந்து ஆடுகின்றன. கல்லூரி மாணவர்களும் வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளர்களும் ஒரே ஆட்டத்தைப் பார்த்து ஆரவாரம் செய்வது இந்த மாவட்டத்துக்குப் பழக்கமான காட்சி. கபடியும் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஊர்தோறும் உண்டு.

இவற்றையெல்லாம் நினைவூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டிலில் படுத்திருப்பவர் சர்க்கரை நோயாளி, சிறுநீரக நோயாளி, எலும்பு முறிந்தவர் என்ற பெயரோடு எங்களிடம் வருகிறார். அதற்கு முன்னே அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏலக்காய் பறித்தவர். மாலையில் பந்து ஆடியவர். புதிய கைபேசியின் சூட்சுமங்களை ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர். அவரை மீட்டுத் தருவதே சிகிச்சையின் நோக்கம் என்றால், அவர் எப்படி வாழ்ந்தவர் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இசை என்ன செய்கிறது, என்ன செய்யாது

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவில் நோயாளிக்கு ஏற்படும் பதற்றம் சிறிய விஷயமன்று. இரத்த அழுத்தம் ஏறுகிறது, உறக்கம் கெடுகிறது. இது குறித்து 2013ஆம் ஆண்டு காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்தது. அவற்றில் பங்கேற்றோர் மொத்தம் 2,051 பேர். அறுவைக்கு முன் இசை கேட்டவர்களிடம் பதற்றம் குறைந்திருந்தது. 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு 73 ஆய்வுகளையும் ஏறத்தாழ 7,000 நோயாளிகளையும் உள்ளடக்கியது. இசை கேட்டவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும் குறைந்தன. வலிநீக்கி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. இரண்டையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இரண்டையும் சொல்கிறோம்.

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டோரிடையே பின்லாந்து நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியாயிற்று. 60 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவினர் தங்களுக்குப் பிடித்த இசையை நாள்தோறும் கேட்டார்கள். இரண்டாம் குழுவினர் ஒலிப்புத்தகங்களைக் கேட்டார்கள். மூன்றாம் குழுவினருக்கு இவ்விரண்டும் தரப்படவில்லை. வழக்கமான சிகிச்சை மூன்று குழுக்களுக்கும் கிடைத்தது. இரண்டு மாதம் அவ்வாறு கேட்டுவந்தபின் சோதித்ததில், இசை கேட்டவர்களின் சொல் நினைவாற்றலும் கவனமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. வலி உடலில் எங்கே தோன்றினாலும் அதை வலியாக உணர்வது மூளை. மூளையின் கவனம் விருப்பமான ஒன்றில் ஈடுபட்டிருக்கும்போது வலியின் கூர்மை சற்றே மழுங்குகிறது, மூச்சு சீராகிறது. அவ்வளவே. பாட்டுக் கேட்டால் சர்க்கரை இறங்காது, கட்டி கரையாது, உடைந்த எலும்பு சேராது. மாத்திரைக்குப் பதிலாக இன்ன இராகத்தைக் கேளுங்கள் என்று எவரேனும் காணொளியில் சொன்னால் நம்பாதீர்கள். மருந்து மருந்தாகவே இருக்கட்டும். பாட்டு அதற்கு உடன்பிறப்பாக இருக்கட்டும்.

பின்லாந்து ஆய்வில் 'தங்களுக்குப் பிடித்த' என்னும் சொற்களைக் கவனியுங்கள். உடனிருப்போரிடம் நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதுவே. தந்தை நோயுற்றுக் கிடக்கிறார் என்று பிள்ளைகள் அவர் காதருகே பக்திப் பாடல்களை ஒலிக்க விடுகிறார்கள். அன்பின் காரணமாகவே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தந்தை வாழ்நாளெல்லாம் பழைய திரைப்பாடல்களையே விரும்பிக் கேட்டவராக இருந்திருக்கலாம். திடீரென்று இரவும் பகலும் பக்திப் பாடலே ஒலித்தால், 'நம் முடிவு நெருங்கிவிட்டது போலும்' என்று அவர் அஞ்சக்கூடும். வேறொருவருக்கோ பக்திப் பாடல்தான் உயிர். அவருக்குத் துள்ளிசை தலைவலி. ஆகவே நோயாளியைக் கேளுங்கள். பேச முடியாதவராயின், அவர் நலமாக இருந்தபோது எதை விரும்பிக் கேட்டார் என்பதை நினைவுகூர்ந்து எங்களிடம் சொல்லுங்கள். மௌனமே வேண்டும் என்று அவர் கையசைத்தால் அதுவும் ஒரு விருப்பமே. அதற்கும் இடம் கொடுங்கள்.

காதுக்குள் இருக்க வேண்டியது

இனி மறுபக்கத்துக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, நோயாளிகள் உறங்கும் அறையில் இரவில் ஒலியளவு 30 டெசிபலைத் தாண்டக் கூடாது. இருவர் மெல்லக் கிசுகிசுக்கும் அளவு அது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாகக் கருதுகின்றன. சாலையில் செல்லும் பேருந்தின் ஓட்டுநரிடம் ஒலிப்பான் எழுப்பாதீர் என்று கேட்கிறோம். வார்டுக்குள்ளோ, இரவு பதினொரு மணிக்கு ஒரு கட்டிலில் நகைச்சுவைத் துணுக்கும், மறு கட்டிலில் குத்துப் பாட்டும், மூன்றாம் கட்டிலில் அரசியல் விவாதமும் கைபேசிகளிலிருந்து உரக்க ஒலிக்கின்றன. நடுக்கட்டிலில் இருப்பவர் அன்று காலைதான் அறுவை முடிந்து வந்தவர். அவரால் எழுந்து வந்து உங்களிடம் கேட்கவும் முடியாது.

உறக்கம் கெட்டால் வலி கூடுகிறது. முதியோருக்கு மனக்குழப்பம் ஏற்படவும் அது காரணமாகலாம். மேலும், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும் சொட்டு மருந்து முடிந்தாலும் கருவிகள் எழுப்பும் எச்சரிக்கை ஒலி செவிலியரின் காதை எட்ட வேண்டும். உரத்த பாட்டுக்கு நடுவே அது எட்டாமற்போனால் விளையும் இழப்பைப் பிறகு எவராலும் ஈடுசெய்ய இயலாது. துக்கமும் வார்டில் உண்டு. ஒரு கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டிருக்கும் வேளையில் பக்கத்தில் எழும் சிரிப்பொலி அந்தக் குடும்பத்தாரின் நெஞ்சில் நெடுங்காலம் தங்கிவிடும்.

இதற்குத் தீர்வு மிக எளிது. இயர்போன் ஒன்று போதும். கம்பியுள்ள சாதாரண இயர்போனே நல்லது. எஃப்.எம். வசதியுள்ள பல கைபேசிகளில் அந்தக் கம்பியே அலைவாங்கியாகவும் பயன்படுவதால், இணையச் செலவின்றிக் கொடைக்கானல் பண்பலையைக் கேட்கலாம். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டால் மருத்துவர் அழைப்பதும் கேட்கும். ஒலியைப் பாதிக்கு மேல் கூட்டாதீர்கள். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் பாதுகாப்பானதாகக் கருதும் எல்லை. ஒருவர் காதில் வைத்ததை மற்றவர் வாங்கி வைக்காதீர்கள். காதுத் தொற்று அவ்வாறே பரவுகிறது. இயர்போன் இல்லாதவர்கள் பகலில், பக்கத்துக் கட்டிலில் இருப்போரிடம் கேட்டு, அவர் இசைந்தால் மெல்லிய ஒலியில் கேட்கலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் அதுவும் வேண்டாம்.

விளையாட்டு மருந்தாகும் இடமும் நஞ்சாகும் இடமும்

வீடியோ கேம் என்றாலே முகம் சுளிப்போர் உண்டு. அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவது, மருத்துவத்தில் மிகக் கடுமையான வலி தரும் செயல்களுள் ஒன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மனும் அவருடைய குழுவினரும் அத்தகைய நோயாளிகளுக்காகவே 'ஸ்னோ வேர்ல்டு' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால், நோயாளி பனி மூடிய பள்ளத்தாக்கில் இறங்கிச் சென்று பனிப்பந்துகளை எறியலாம். அவர் அதில் மூழ்கியிருக்கையில் காயத்தைச் சுத்தம் செய்கிறார்கள். வலிநீக்கி மருந்தோடு இதையும் சேர்த்தபோது, நோயாளிகள் உணர்ந்த வலி குறைந்தது.

நம்மிடம் அந்தக் கருவி இல்லாவிட்டாலும் அதன் கருத்து நமக்குப் பயன்படும். குழந்தைக்கு ஊசி போடும் வேளையில் தாயின் கைபேசியில் ஒரு சிறு விளையாட்டோ காணொளியோ ஓடினால் குழந்தையின் அச்சமும் வலியும் குறைகின்றன. கை விரல்களில் வலுவிழந்தவர்கள், இயன்முறை மருத்துவர் காட்டிய பயிற்சிக்கு இடையே விரலால் தொட்டு ஆடும் எளிய விளையாட்டை ஆடலாம். எது பொருந்தும் என்பதை மட்டும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் ஐந்து நிமிடத்துக்குக் கொடுத்த கைபேசியை நாள் முழுவதும் குழந்தையின் கையில் விட்டுவிடுவது வேறு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, உறவினரோடு எப்போதாவது முகம் பார்த்துப் பேசுவது தவிரத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. வீட்டுக்குத் திரும்பியதும் இந்த அளவுக்கு வந்துவிடுங்கள்.

பெரியோரிடம் பேச வேண்டியது வேறொன்று. விளையாட்டு மீதான கட்டுப்பாட்டை இழந்து, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதையே வைத்து, கேடு விளைகிறது என்று தெரிந்தும் விட முடியாத நிலையை, உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் ஒரு கோளாறாகவே சேர்த்துள்ளது. பணம் வைத்து ஆடுவது அதனினும் கொடிது. தமிழ்நாட்டு அரசு 2022இல் சட்டம் இயற்றியது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பிய செயலிகள் கைபேசிக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இதை ஏன் மருத்துவமனை மடலில் எழுதுகிறோம்? இரவெல்லாம் தாழ்வாரத்தில் விழித்திருக்கும் உடனிருப்போர், மனம் தளர்ந்தவர்கள். கையில் சிகிச்சைக்கென்று புரட்டிய பணம் வைத்திருப்பவர்கள். 'ஆயிரம் போட்டால் பத்தாயிரம்' என்னும் ஆசை வார்த்தை அத்தகையோரை எளிதில் வீழ்த்திவிடும். நகையை அடகு வைத்து வாங்கிய பணம் ஓர் இரவில் கரைந்துபோனால், மறுநாள் மருந்துக்கு என்ன செய்வது? அந்த வலையில் எவரேனும் சிக்கியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் மனநல உதவி தமிழிலும் கிடைக்கிறது. இணைய மோசடியில் பணம் இழந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம். எங்கள் செவிலியரிடம் சொன்னாலும், உரியவரிடம் உங்களை அழைத்துச் செல்வார்கள்.

ஆட்டம் முடியட்டும் என்று காத்திராதீர்கள்

ஆட்டம் பார்ப்போருக்கும் ஒரு சொல். 2006ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்தில் இதய நோய் அவசர அழைப்புகளை மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மன் அணி ஆடிய நாட்களில் அத்தகைய அவசர நிலை மற்ற நாட்களைப்போல் 2.66 மடங்காக இருந்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ளோருக்கு அபாயம் மேலும் மிகுதி. 2008இல் வெளியான இந்த ஆய்வு, பரபரப்பு இதயத்தின் மீது எவ்வளவு சுமை ஏற்றும் என்பதைக் காட்டியது.

கிரிக்கெட் பித்து மிகுந்த நம் ஊருக்கும் இது பொருந்தும். இதய நோயாளி இனி ஆட்டமே பார்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் எவரும் கேட்கவும் மாட்டார்கள். ஆட்டம் தொடங்குமுன் இரவு மாத்திரையை விழுங்கிவிடுங்கள். கடைசி ஓவர் வரை தள்ளிப்போடாதீர்கள். தனியாக அமர்ந்து பார்க்காதீர்கள். புகையும் மதுவும் அருகில் வேண்டாம். பந்தயம் கட்டாதீர்கள். நெஞ்சில் இறுக்கமோ, இடது தோளிலோ தாடையிலோ வலியோ, காரணமற்ற வியர்வையோ கண்டால், ஆட்டம் முடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். மாரடைப்பில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையைக் காவு கொள்கிறது. ஆட்டத்தின் முடிவை மறுநாளும் தெரிந்துகொள்ளலாம்.

கருவிகளைக் கையாளும் முறை

கைபேசியை வார்டில் வைத்துக்கொள்வதற்குச் சில ஒழுங்குகள் இன்றியமையாதவை. கட்டிலருகே உள்ள மின்செருகியைப் பிடுங்கிவிட்டு அங்கே சார்ஜரைச் செருகாதீர்கள். நீங்கள் பிடுங்கியது மருந்து செலுத்தும் கருவியாகவோ படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தையாகவோ இருக்கலாம். எந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்பதைச் செவிலியரிடம் கேளுங்கள். ஆக்சிஜன் செலுத்தப்படும் நோயாளியின் படுக்கையிலோ தலையணைக்கு அடியிலோ கைபேசியைச் சார்ஜ் செய்யாதீர்கள். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைபேசியையும் காந்தமுள்ள இயர்போன்களையும் அக்கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். சட்டையின் இடப்பக்கப் பையில் வைக்க வேண்டாம். கைபேசித் திரையில் கிருமிகள் தங்கும். அதைத் தொட்ட கையால் காயத்தையும் உணவையும் தொடுமுன் கையைக் கழுவுங்கள். மற்ற நோயாளிகள் தெரியும்படி நிழற்படமோ காணொளியோ எடுக்காதீர்கள். அவர்களுடைய நோய் அவர்களுடைய அந்தரங்கம்.

"செவிலியருக்கு இருக்கும் வேலையில் பாட்டைப் பற்றிக் கேட்க நேரம் ஏது?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வார்டு நிரம்பி வழியும் நாட்களில் எங்களால் ஒவ்வொருவரிடமும் அமர்ந்து பேச இயலுவதில்லை. ஆகவேதான் இந்தப் பொறுப்பில் ஒரு பாதியை உங்களிடம் ஒப்படைக்கிறோம். நோயாளியின் விருப்பத்தை அறிந்தவர்கள் நீங்கள். அதைக் காதருகே கொண்டுவரும் கருவியும் பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

வீடு திரும்பும்போது

மேகமலைத் தோட்டங்களிலிருந்து வருவோருக்குத் தனியே ஒரு குறிப்பு. சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு செல்லும் வழியில் கைபேசி அலை எட்டாத இடங்கள் இன்னும் உண்டு. மலையேறுமுன், இயன்முறைப் பயிற்சிக் காணொளிகளையும் மாத்திரை அட்டவணையின் படத்தையும் பிடித்த பாடல்களையும் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வேளைகளுக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடிக்க அலை தேவையில்லை. நடைப்பயிற்சி சொல்லப்பட்டவர்கள், இரண்டு பாட்டு முடியும்வரை நடப்பது என்று கணக்கு வைத்துக்கொண்டால் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு பாட்டாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.

நோயாளி தேறி வருகிறார் என்பதைக் காட்டும் அடையாளங்கள் பல. காய்ச்சல் இறங்குவதும் பசி எடுப்பதும் ஏட்டில் பதிவாகின்றன. 'நேற்றைய ஆட்டத்தில் யார் வென்றார்கள்?' என்று அவரே கேட்பதும், பல நாட்களாகத் தொடாத கைபேசியைக் கேட்டு வாங்குவதும், பாட்டுக்குக் கால் விரலால் தாளம் போடுவதும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. எங்களைப் பொறுத்தவரை அவையும் நற்குறிகளே. அதற்கு மாறாக, எப்போதும் பாட்டில் திளைத்த ஒருவர் வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றிச் சுவரைப் பார்த்துக் கிடந்தால், அது சோம்பலாக இல்லாமல் மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதைக் கண்டால் எங்களிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

நோயாளியைச் சேர்க்கும்போது பெயர், வயது, ஒவ்வாமை, முன்பு எடுத்துக்கொண்ட மருந்துகள் ஆகியவற்றைக் கேட்கிறோம். அவற்றைச் சொல்லி முடித்தபின், கேட்கப்படாவிட்டாலும், ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்: "எங்கள் அம்மாவுக்குப் பழைய பாட்டு என்றால் உயிர்", "தம்பி கல்லூரி அணியில் கால்பந்து ஆடுகிறவன்", "ஐயாவுக்கு வானொலிச் செய்தி கேட்காமல் காலை விடியாது." மறுநாள் காலையில் கட்டு மாற்ற வரும் செவிலியருக்கு, அச்சத்தில் உறைந்திருக்கும் நோயாளியோடு பேச்சைத் தொடங்க அந்த ஒரு வரி உதவும்.